மருத்துவமனையில் ஐஆர் – ரேடியோ டேக் அமைப்பைப் பொருத்துவது எப்படி: சேலம், ஏற்காடு கட்டடங்களுக்கான செய்முறை

கருவியிலோ ஆளிடமோ மாட்டி, இருக்கும் இடத்தைக் கணினித் திரையில் காட்ட உதவும் சின்னப் பெட்டிதான் டேக். அது எந்த அறையில் இருக்கிறது என்பதை ஐஆர் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு) ஒளி சொல்ல வேண்டும். அதைச் சர்வருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரேடியோவின் வேலை. இந்த வேலைப் பிரிவினையை விட்டுவிட்டு, "ரேடியோ மட்டும் போதும், செலவு பாதியாகும்" என்று யாராவது சொல்லும் யோசனையைக் கேட்டால், இரண்டாம் மாடி ஐசியூவில் ஓடிக்கொண்டிருக்கும் சிரிஞ்ச் பம்பைத் திரை முதல் மாடி ஸ்டோரில் காட்டும்.

ஏன் அப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டாலே தெரியும். சீலிங் உயரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பில் ஒட்டிய டேக் தரையிலிருந்து 1.2 மீட்டரில் இருக்கிறது. அதே மாடியின் சீலிங்கில் உள்ள ரேடியோ கேட்வே (டேக்கின் சிக்னலை வாங்கிச் சர்வருக்கு அனுப்பும் பெட்டி) அதற்கு 1.8 மீட்டர் மேலே. கீழ்மாடி சீலிங்கில் உள்ள கேட்வேயோ ஸ்லாபையும் சேர்த்தால்கூட ஏறக்குறைய 1.35 மீட்டர் கீழே. அதாவது வேற்று மாடிக் கேட்வேதான் கிட்டே இருக்கிறது. நடுவில் உள்ள கான்கிரீட் சிக்னலைக் குறைக்கும்தான், ஆனால் எவ்வளவு குறைக்கும் என்பது கம்பி அடர்த்தியையும் ஈரத்தையும் அந்த இடத்தில் ஏதாவது குழாய் போகிறதா என்பதையும் பொறுத்தது. சிக்னல் பலத்தை வைத்து இடம் கண்டுபிடிக்கும் முறையில் மூன்று நான்கு மீட்டர் பிழை சாதாரணம். பக்கத்து அறை, மேல்மாடி எல்லாம் அந்தப் பிழைக்குள் அடங்கிவிடும். ஐஆர் அப்படியல்ல. செங்கல் சுவரையும் மரக்கதவையும் அது தாண்டாது. அந்த இயலாமைதான் நமக்கு லாபம்.

இரண்டு வகை, எது நமக்கு

முதல் வகையில் டேக் ஐஆர் அனுப்பும், சீலிங்கில் உள்ள ரிசீவர் வாங்கும். 1980களின் கடைசியில் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகம் உருவாக்கிய ஆக்டிவ் பேட்ஜ் இந்த வகைதான். சட்டையில் மாட்டிய பேட்ஜ் 15 நொடிக்கு ஒருமுறை தன் எண்ணை ஒளியாக அனுப்பும். குறை என்னவென்றால், ஒவ்வொரு அறை ரிசீவருக்கும் வயர் இழுக்க வேண்டும், டேக் பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

இரண்டாவது வகையில் சீலிங்கில் உள்ள பீக்கன் "நான் அறை 214" என்று தன் எண்ணை ஐஆரில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். டேக் அதைக் கேட்டு, தன் எண்ணையும் சேர்த்து ரேடியோவில் கேட்வேக்கு அனுப்பும். பீக்கனுக்கு நெட்வொர்க் வயர் தேவையில்லை, பேட்டரியிலோ 24 வோல்ட் டிசி லைனிலோ ஓடும். நோயாளிகள் படுத்திருக்கும்போதே வேலை நடக்கும் கட்டடங்களில் துளைபோடும் வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. ஆகவே இங்கே சொல்வது முழுக்க இரண்டாவது வகைக்கானது. முதல் வகையை ஏற்கெனவே வாங்கியிருந்தால் பீக்கன் என்ற இடத்தில் ரிசீவர் என்று படித்துக்கொள்ளலாம். ஒளி விஷயம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வாங்கும் முன் அலைவரிசையைப் பாருங்கள்

வெளிநாட்டுப் பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அமெரிக்காவுக்கான டேக்குகள் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸில் பேசும். இந்தியாவில் 890 முதல் 915 வரை செல்போன்கள் டவருக்குப் பேசும் பகுதி. அதில் குறுக்கிடுவது சட்டப்படி தவறு, டேக்கும் ஒழுங்காகக் கேட்காது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடியவற்றில் இந்த டேக்குகளுக்குப் பொருந்துபவை 865–868 மெகாஹெர்ட்ஸும் (2005 விதியில் 867 வரை இருந்தது, 2021இல் 868 ஆனது) 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸும். உரிமம் வேண்டாம் என்றாலும் கருவி மாடலுக்கு மத்திய அரசின் அலைவரிசைப் பிரிவான டபிள்யூபிசி வழங்கும் இடிஏ என்ற ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். கொட்டேஷனிலேயே அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

2.4 கிகாவில் புளூடூத் டேக் எடுத்தால் மருத்துவமனை வைஃபையோடு ஒரே இடத்தில் நெருக்கடி வரும். புளூடூத் டேக் தன் எண்ணை அறிவிக்கும் 'விளம்பர'ச் சேனல்கள் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸில் இருக்கின்றன. வைஃபையைச் சேனல் 1, 6, 11இல் மட்டும் நிறுத்தினால் இந்த மூன்றும் இடைவெளியில் விழும். ஐடி ஆட்கள் "ஆட்டோ சேனல்" வைத்திருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பாசிவ் ஆர்எஃப்ஐடி (ரேடியோவால் டேக்கை அடையாளம் காணும் முறை) ரீடர் வேறு, நாம் பேசும், பேட்டரி உள்ள ஆக்டிவ் டேக் வேறு. பாசிவ் ரீடர், பேட்டரி இல்லாத டேக்கை எழுப்ப வேண்டியிருப்பதால், வாட் கணக்கில் சக்தி உமிழும். 2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 41 மருத்துவக் கருவிகளுக்குப் பக்கத்தில் ஆர்எஃப்ஐடி வைத்துச் சோதித்தபோது, 123 சோதனைகளில் 34 முறை குறுக்கீடு வந்தது. அதில் 22 ஆபத்தானவை என்று வகைப்படுத்தினார்கள். அதிகம் தொல்லை கொடுத்தது 868 மெகாஹெர்ட்ஸ் பாசிவ் ரீடர்தான். ஆகவே ஐசியூ வாசலில் பாசிவ் கேட் வைக்கும் யோசனை வந்தால் பயோமெடிக்கல் இன்ஜினியர் கையெழுத்தில்லாமல் நகராதீர்கள். ஆக்டிவ் டேக் சில மில்லிவாட்தான் உமிழும். இருந்தாலும் வென்டிலேட்டர், இன்ஃப்யூஷன் பம்பு, டயாலிசிஸ் மெஷின் ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை எடுத்து, நோயாளி இல்லாத நேரத்தில், டேக் ஒட்டி ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

கட்டடத்தை நடந்து பார்ப்பது

பிளான் காகிதத்தை நம்பி எண்ணிக்கை போடாதீர்கள். பழைய கட்டடத்தோடு புதிய பிளாக்கை ஒட்டிக் கட்டி, நடுவில் பாலமோ ஷெட்டோ போட்ட இடங்களில் பிளான் ஒன்று, சுவர் வேறொன்று. கையில் லேசர் மீட்டர், ஒரு மாதிரிப் பீக்கன், ஒரு டேக், ஒரு செல்போன் போதும். நடக்கும்போது குறிக்க வேண்டியவை:

- கண்ணாடித் தடுப்பு எங்கெல்லாம் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி ஐஆரைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஐசியூ கியூபிக்கிள் கண்ணாடி என்றால் ஒளிக்கு அங்கே சுவரே இல்லை.
- மேற்கு பார்த்த ஜன்னல்கள். சேலத்து வெயிலில் மாலை மூன்று மணிக்கு மேல் கட்டில் மீது நேராக விழும் சூரிய ஒளியில் ஐஆர் நிறைய உண்டு. டேக்கின் சென்சார் அதில் திணறிப்போகும்.
- பளபளக்கும் வெள்ளை எனாமல் சுவர், டைல்ஸ். கதவு திறந்திருந்தால் ஒளி இதில் பட்டுக் காரிடாருக்குத் தெறிக்கும்.
- பழைய டியூப்லைட்டின் எலக்ட்ரானிக் சோக். பல சோக்குகள் 20 முதல் 60 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும். ஐஆர் ரிசீவர்களில் பெரும்பாலானவை எதிர்பார்ப்பது 38 கிலோஹெர்ட்ஸ். டியூப்பைப் போட்டதும் டேக் செவிடாகிவிட்டால் காரணம் இதுதான்.
- இரவில் ஐஆர் அடிக்கும் சிசிடிவி கேமரா, கைகாட்டினால் சானிடைசர் ஊற்றும் கருவி.
- ஸ்டீல் பீரோ வரிசை, எக்ஸ்ரே அறையின் ஈயத் தகடு, லிஃப்ட். இவை ரேடியோவுக்கான தடைகள்.

எத்தனை பீக்கன்

பீக்கனின் ஒளிக்கூம்பு எவ்வளவு தரையைத் தொடும் என்பதுதான் எல்லாம். சீலிங் 3 மீட்டர், நிற்பவரின் டேக் 1.2 மீட்டர் என்றால் உயர வித்தியாசம் 1.8. அகலமான பீக்கனின் அரைக்கோணம் 60 டிகிரி என்றால் 1.8ஐ டேன் 60ஆல் பெருக்க வேண்டும். ஆரம் 3.1 மீட்டர் கிடைக்கும். குறுகிய பீக்கன், அரைக்கோணம் 30 டிகிரி என்றால் ஆரம் 1 மீட்டர்தான். அது ஒரு கட்டிலுக்கு. ஆனால் படுத்திருப்பவரின் டேக் 0.8 மீட்டரில் இருக்கும். அப்போது ஆரம் 1.27, விட்டம் இரண்டரை மீட்டர். கட்டில்களின் நடுக்கோடுகளுக்கிடையே 2.5 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் பக்கத்துக் கட்டிலோடு ஒளி கலக்கும். பொது வார்டில் "எந்தக் கட்டில்" வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால், இந்த எண்ணைக் காட்டி, வார்டு அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது நல்லது. ஐசியூவில் மட்டும் கட்டில் அளவுக்குப் போங்கள்.

தரைத்தளமும் மூன்று மாடியும் உள்ள 100 படுக்கை கட்டடத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு. தனி அறை 40, ஒவ்வொன்றுக்கும் ஒன்று, 40. பத்துப் படுக்கைப் பொது வார்டு நான்கு, வார்டுக்கு மூன்று வீதம் 12. ஐசியூ படுக்கை 20க்குக் குறுகிய பீக்கன் 20. ஆபரேஷன் தியேட்டர் (ஓடி) மூன்று, தியேட்டருக்கு இரண்டு வீதம் 6. பெரிய ஓடி லைட்டின் தலை நடுவில் மறைப்பதால் ஒன்று போதாது. ரெக்கவரிக்கு 2, கேஷுவல்ட்டிக்கு 4. ஸ்கேன், லேப், பார்மசி, ஸ்டோர், சிஎஸ்எஸ்டி (கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவு), ஓபி அறைகள், நர்சிங் ஸ்டேஷன்கள் எல்லாம் சேர்த்து 25. காரிடார் மாடிக்கு 40 மீட்டர், 6 மீட்டருக்கு ஒன்று, மாடிக்கு 7, மொத்தம் 28. லிஃப்ட் லாபி 4, இரண்டு படிக்கட்டில் 8, லிஃப்டுக்குள் 2, வெளிவாசல் 3. கூட்டினால் 154. உதிரிக்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 170 வாங்குங்கள். இந்தப் பட்டியலில் குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஓபி அறைகளைக் குறைக்கலாம். வாசலையும் லிஃப்ட் லாபியையும் தொடாதீர்கள், காணாமல்போகும் வீல்சேர் எல்லாம் அந்த வழியாகத்தான் போகிறது.

பொது வார்டின் மூன்று பீக்கன்களுக்கும் ஒரே அறை எண்ணைக் கொடுங்கள். அவை ஒரே நேரத்தில் ஒளிர்ந்தால் டேக்குக்குக் குழறலாகக் கேட்கும். அனுப்பும் இடைவெளியில் சற்றே தாறுமாறு சேர்க்கும் வசதி பெரும்பாலான பீக்கன்களில் உண்டு. அதை இயக்கி வைக்க வேண்டும்.

வயரும் மின்சாரமும்

பேட்டரிப் பீக்கன் மாட்டினால் வயர் இல்லை, ஆனால் சில வருடம் கழித்து 154 இடத்தில் ஏணி போட வேண்டும். மேல்மாடி மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள ஃபால்ஸ் சீலிங் இடுக்கில் கத்திரி வெயிலின் சூடு தங்கி, பேட்டரியின் ஆயுளைத் தின்னும். ஐசியூ, ஓடி, வாசல் இந்த மூன்றுக்கும் 24 வோல்ட் டிசி லைன் இழுத்துவிட்டு, மற்ற இடங்களுக்குப் பேட்டரி வைப்பது நடைமுறையில் சரியாக வரும்.

டிசி லைனில் கடைசிப் பீக்கன் மங்கலாக எரிவது எல்லோரும் சந்திக்கும் குறை. 24 கேஜ் கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். 60 மீட்டர் தூரம் என்றால் போகவரச் சுமார் 10 ஓம். பத்துப் பீக்கன், ஒவ்வொன்றும் 40 மில்லிஆம்பியர், எல்லாம் கடைசியில் இருந்தால் 0.4 ஆம்பியர். இழப்பு 4 வோல்ட், 24 போய் 20 ஆகும். பீக்கன் 18 வோல்ட் வரை தாங்கினால் பரவாயில்லை. இல்லையென்றால் ஒரு ஜோடிக்குப் பதிலாக கேட் 6 கேபிளின் இரண்டு ஜோடிகளைச் சேர்த்துப் போடுங்கள், இழப்பு பாதியாகும்.

கேட்வேக்களுக்குப் பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம். மாடிக்கு நான்கு, மொத்தம் 16. சுவிட்சிலிருந்து கேட்வே வரை, பேட்ச் கார்டையும் சேர்த்து, 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்தில் போர்ட் ஒன்று 15.4 வாட் வரை ஒதுக்கும். நான்குக்கு 61.6 வாட். எட்டுப் போர்ட் சுவிட்ச் "60 வாட்" என்று எழுதியிருந்தால் நாலாவது கேட்வே ஒரு நாள் எழும்பும், ஒரு நாள் எழும்பாது. 90 வாட்டுக்கு மேல் உள்ளதை எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

கேபிளை மின்சார லைனோடு ஒட்டி ஓட்டாதீர்கள். 30 சென்டிமீட்டர் இடைவெளி, குறுக்கே போக வேண்டியிருந்தால் நேர்க்கோணத்தில். ஆக்சிஜன் குழாய் மீது கேபிள் டை போடுவது சகஜமாக நடக்கிறது, அது கூடவே கூடாது. இரண்டு பிளாக்குக்கு நடுவே வெளியில் போகும் இணைப்புக்குச் செம்புக் கேபிள் வேண்டாம், ஃபைபர் இழுங்கள். சித்திரை வைகாசியில் மாலை இடிமழை வந்தால், இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கு இடையிலான வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகத்தான் சமப்பட்டுக்கொள்ளப் பார்க்கும். இரு முனைச் சுவிட்சும் போய்விடும். சுவிட்ச், கேட்வே, சர்வர் எல்லாம் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஜெனரேட்டர் ஏறும் பத்துப் பதினைந்து நொடியில் சுவிட்ச் அணைந்து எழுந்தால், கேட்வேக்கள் முழுதும் உயிர்பெறச் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் வாசல் தாண்டிய எதற்கும் அலாரம் அடிக்காது.

மாட்டும் வேலை

ஐசியூவில் ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கினால் வருடக்கணக்கான தூசி கொட்டும். அதில் பூஞ்சை வித்துகள் இருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகளுக்கு அது விளையாட்டல்ல. தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பிளாஸ்டிக் ஷீட்டால் இடத்தை மறைத்து, நுண்தூசியையும் வடிகட்டும் ஹெப்பா வேக்குவம் கிளீனரைத் துளைக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு துளையுங்கள். ஓடியின் ஹெப்பா சீலிங்கைத் துளைக்கவே கூடாது, காற்றழுத்தம் கெடும். அங்கே பீக்கனைச் சுவரில் 2.4 மீட்டர் உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டவும். தீத்தடுப்புச் சுவரில் போட்ட துளையைத் தீத்தடுப்பு சீலன்ட்டால் அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

தனி அறையில் பீக்கனின் இடம் நடு சீலிங் என்று நினைப்போம். கதவு ஒரு மூலையில் இருந்தால் நடுவிலிருந்து ஒளி நேராக வாசல் வழியே காரிடாருக்குப் போகும். வாசல் இருக்கும் சுவரின் பக்கமே, கதவுச் சட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி மாட்டி, முகத்தைக் கட்டிலை நோக்கித் திருப்புங்கள். ஃபேன் இறக்கைக்கு மேலே மாட்டக் கூடாது. இறக்கை ஒளியை வெட்டிக்கொண்டே இருக்கும், சுற்றும் வேகத்துக்கேற்ப டேக் சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. இது மாதிரிக் குறையைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போய்விடும், ஏனென்றால் டெக்னீஷியன் வந்ததும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் ஏணி போடுவார்.

கண்ணாடிக் கியூபிக்கிளில் பீக்கனின் ஓரத்தில் கறுப்புத் தடுப்பு வளையம் மாட்டிக் கூம்பைச் சுருக்கலாம், அல்லது சக்தியைப் படிப்படியாகக் குறைக்கலாம். இரண்டிலும் சரிப்படவில்லை என்றால் கண்ணாடியின் மேல்பாதியில் ஐஆரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்ட வேண்டியதுதான். வாங்கும் முன் ஒரு துண்டைப் பீக்கன் முன்னால் பிடித்துச் சோதியுங்கள். சில கறுப்பு ஃபிலிம்கள் கண்ணுக்குத்தான் கறுப்பு, ஐஆர் தாராளமாகப் போகும்.

பீக்கன் எரிகிறதா என்று பார்க்கச் செல்போன் கேமரா போதும். திரையில் ஊதா நிறமாகத் தெரியும். பல போன்களின் பின்கேமராவில் ஐஆர் ஃபில்டர் இருப்பதால் முன்கேமராவில் பாருங்கள். முதலில் டிவி ரிமோட்டைக் காட்டி, போன் ஐஆரைக் காட்டுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளவும்.

டேக்கை எங்கே ஒட்டுவது

கருவியில் டேக் ஒட்டும் இடம் மேல்நோக்கிய பரப்பு, அல்லது மேல்பக்கத்தின் ஓரம். காற்றுத் துவாரம், பேட்டரி மூடி, சீரியல் நம்பர் தகடு, அலாரம் ஸ்பீக்கர் இவற்றை மறைக்கக் கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, அக்ரிலிக் ஃபோம் டேப் போட்டு 15 நொடி அழுத்திப் பிடிக்கவும். அந்த டேப் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் ஆகும். ஒட்டிய அன்றே ஹைப்போகுளோரைட் போட்டுத் துடைத்தால் ஒரு வாரத்தில் டேக் கையோடு வந்துவிடும். ஸ்டீல் உடம்பில் நேரடியாக ஒட்டினால் ஆன்டெனா சுருதி தப்பி ரேடியோ தூரம் குறையும். நான்கைந்து மில்லிமீட்டர் ஃபோம் இடைவெளி கொடுங்கள். ஆட்டோகிளேவுக்குப் போகும் பொருளில் இந்த டேக் கிடையாது, 121 டிகிரியில் பேட்டரி தாங்காது. எம்ஆர்ஐ அறைக்கு, அதற்கெனச் சான்று பெறாத எந்த டேக்கும் போகக் கூடாது. அறை வாசலில் டேக்கைக் கழற்றி வைக்க ஒரு பெட்டி வைத்துவிடுங்கள்.

மனிதர்களிடம் விஷயமே வேறு. ஐடி கார்டோடு கழுத்தில் தொங்கும் டேக் திரும்பிக்கொள்ளும், ஒளி பார்க்கும் முகம் சட்டைப் பக்கம் போய்விடும். சேலை கட்டும் ஊழியர்களிடம் முந்தானை மூடிவிடும், துப்பட்டாவும் அதே மாதிரி. இரண்டு முகத்திலும் சென்சார் உள்ள டேக்கை வாங்குங்கள். முந்தானை போகாத வலது தோள்பட்டையில் கிளிப் போடச் சொல்லுங்கள். நோயாளியின் மணிக்கட்டு டேக் போர்வைக்குள் போவதைத் தடுக்க முடியாது. அதற்கு மென்பொருளில்தான் வழி: ஐஆர் நின்றுபோனாலும், டேக்கின் அசைவு சென்சார் நடமாட்டம் காட்டாத வரை, கடைசியாகக் கேட்ட அறையையே வைத்துக்கொள்ள வேண்டும். அசைவு வந்து, ஐஆரும் இல்லை, வேறு கேட்வேயில் சிக்னல் பலமானால் மட்டும் "இடம் உறுதியில்லை" என்று காட்டட்டும். மாலை வெயில் அடிக்கும் கட்டிலுக்கும் இதே விதி உதவும்.

பேட்டரிக் கணக்கு: சராசரி 20 மைக்ரோஆம்பியர் இழுக்கும் டேக், 220 மில்லிஆம்பியர்–மணி உள்ள சிஆர்2032இல் காகிதத்தில் 11,000 மணி நேரம் ஓடும், அதாவது 15 மாதம். 1,000 உள்ள சிஆர்2477இல் ஐந்தரை வருடத்துக்கு மேல். இரண்டிலும் எழுபது சதவீதத்தை மட்டும் நம்புங்கள். "இன்னும் வேகமாக அப்டேட் ஆகட்டும்" என்று யாராவது பத்து நொடியை இரண்டாக்கினால், அனுப்பும் செலவு ஐந்து மடங்காகும். அசையும்போது 3 நொடி, அசையாதபோது 10 நிமிடம் என்று வைத்தால் இரண்டு தரப்பும் சமாதானம் ஆகும்.

சோதனை

ஒவ்வொரு பீக்கனின் எண்ணையும் அறைப் பெயரோடு சேர்க்கும் பட்டியலை மாட்டும்போதே, ஏணியின் கீழே நிற்பவர் எழுத வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் 213உம் 214உம் இடம் மாறியிருக்கும். சர்வர், கேட்வே எல்லாம் ஒரே என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை ஒன்றாக்கும் முறை) நேரத்தில் ஓட வேண்டும். இல்லையென்றால் பழைய செய்தி புதியதை மீறும்.

பிறகு நடைச் சோதனை. ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலை, நடு என ஐந்து இடம், இடத்துக்கு 30 நொடி. ஒருமுறை கதவு மூடி, ஒருமுறை திறந்து. ஒருமுறை டேக்கைக் கையால் மூடி. கதவு திறந்த நிலையில் காரிடாரில் நின்று, அறை எண் வருகிறதா என்றும் பாருங்கள். காலையில் ஒரு சுற்று, மாலை நான்கு மணிக்கு மேற்குப் பக்க அறைகளில் ஒரு சுற்று, இரவில் டியூப்லைட் எல்லாம் எரியும்போது ஒரு சுற்று. பகலில் மட்டும் சோதித்து ஒப்படைத்த அமைப்பு ராத்திரி டூட்டியில்தான் மானத்தை வாங்கும்.

திரையில் ஒரு டேக் இரண்டு அறைக்கிடையே தாவிக்கொண்டே இருந்தால் ஒளிக் கசிவு. கண்ணாடியையும் கதவையும் பாருங்கள். ஒரு மாடி முழுதும் உறைந்து நின்றால் சுவிட்ச். ஒரே அறையில் எல்லா டேக்கும் "உறுதியில்லை" என்றால் பீக்கன் பேட்டரி, இல்லாவிட்டால் யாரோ பெயின்ட் அடித்தபோது பீக்கன் மீதும் அடித்துவிட்டார்கள். இது நகைச்சுவைக்குச் சொல்வதல்ல, வெள்ளைப் பெயின்ட் ஒரு கோட் போதும் கண் அடைந்துபோக.

ஏற்காட்டுக் கட்டடம் என்றால்

மலையில் வெயில் தொல்லை குறைவு, ஈரம் அதிகம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளேயே வரும். பீக்கனின் முகத்தில் நீர் படியும், டெர்மினலில் பச்சை பூக்கும். வராந்தாவிலும் வாசலிலும் தூசியும் நீரும் புகாத ஐபி65 பெட்டி, கேபிள் கீழிருந்து நுழையும்படி கிளாண்ட் (துளையில் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் வளையம்), நுழையும் முன் ஒரு வளைவு விட்டு நீர் சொட்ட வழி. பழைய கருங்கல் சுவர் ரேடியோவை நன்றாகவே தடுக்கும். ஆகவே கேட்வே இடைவெளியை 15 மீட்டரிலிருந்து 8 அல்லது 10க்குக் குறையுங்கள். ஓட்டுக்கூரைக் கட்டடத்தில் சீலிங்கே இருக்காது, உத்தரத்தில் 3 மீட்டருக்கு மேல் போகாமல் பீக்கனைத் தொங்கவிட வேண்டும். மின்னல் அதிகம் என்பதால் மெயின் போர்டில் சர்ஜ் தடுப்பான் இல்லாமல் எதையும் இணைக்க வேண்டாம். சேலத்தில் உள்ள சர்வரோடு இணைப்பு அறுந்தாலும் ஓட, மலைக் கட்டடத்தில் தனியாக ஒரு சின்ன சர்வர் தகவலைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பட்டும்.

ஓடத் தொடங்கிய பிறகு

ஊழியர்களுக்கு டேக் கொடுக்கும் முன், என்ன பதிவாகிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இருப்பிடத் தகவலை மனம்போல வைத்திருக்க முடியாது. கழிப்பறையிலும் உடைமாற்றும் அறையிலும் ஊழியர் பீக்கன் வேண்டாம். அது இருக்கிறது என்று தெரிந்த மறுநாளே பாதி டேக் மேசை டிராயருக்குள் போய்விடும். அதன் பிறகு எந்த மென்பொருளாலும் அதை வெளியே எடுக்க முடியாது.

வாரம் ஒருமுறை "48 மணி நேரமாகச் சத்தமில்லாத டேக்" என்ற பட்டியலை எடுங்கள். மாதம் ஒருமுறை பேட்டரி குறைந்த பட்டியல். ஒரு அறையைத் தடுத்து இரண்டாக்கினாலோ ஸ்டோரை வார்டாக மாற்றினாலோ பீக்கன் பட்டியலையும் அன்றே மாற்ற வேண்டும். இதற்கு ஒரு பெயர், ஒரு ஆள் பொறுப்பு. பயோமெடிக்கல் பிரிவுக்கா ஐடிக்கா என்று தீர்மானிக்காமல் விட்ட இடங்களில் ஆறே மாதத்தில் அமைப்பு பொய் சொல்லத் தொடங்கும்.

கழற்றிய லித்தியம் செல்களின் இரு முகத்திலும் டேப் ஒட்டி, தனி டப்பாவில் சேர்த்து, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்கவும். வார்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடாதீர்கள். அது எரியூட்டிக்குப் போகிறது, செல் அங்கே வெடிக்கும்.